வன்னியில இருந்துகொண்டு கொழும்பில முதல் ஃபிளாட் வாங்கிறாக்களுக்கு

போன மாசத்துக்குள்ள மட்டும் மூண்டு பேர் போன் எடுத்திட்டினம், ஒராள் விசுவமடு, ஒராள் வவுனியா, மற்றவா எங்கட பரந்தன்தான். மூண்டு பேரும் கேட்டது ஒண்டுதான், "அக்கா வெள்ளவத்தையில ஃபிளாட் ஒண்டு பாத்து வச்சிருக்கிறம், நல்ல வடிவா இருக்கு, அட்வான்ஸ் குடுக்கலாமோ?" எண்டு. ஒவ்வொராளோடயும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல கதைச்சன், கதைச்சு முடிய இன்னும் கனக்கச் சொல்லாமல் விட்டிட்டன் எண்டு மனசுக்குள்ள கிடந்து உறுத்திச்சு, அதால இருந்து ஆறுதலா எழுதிறன். நாங்கள் 2018ல முதல் ஒண்டு வாங்கப் போய் மாட்டுப்பட்டு, பிறகு 2021ல வேற ஒண்டு ஒழுங்கா வாங்கினனாங்கள். ரெண்டிலயும் படிச்சதைத்தான் சொல்லுறன்.

முதல் விசயம், ஊரில காணி வாங்கிற அதே கண்ணோட போகாதேங்கோ. ஊரில ஒரு வளவு வாங்கிறதெண்டா நேர போவம், மண்ணைக் காலால கிண்டிப் பாப்பம், கிணத்தில வாளி விட்டு அள்ளி ஒரு மிடறு குடிச்சு உப்போ சவரோ எண்டு பாப்பம், மாரிக்குக் குளம் வான் பாஞ்சா தண்ணி எதுவரைக்கும் ஏறும் எண்டு பக்கத்து வளவு ஐயாவைக் கேப்பம், நாலு மூலைக் கல்லையும் தேடிப் பிடிப்பம். வாங்கிற சாமான் கண்ணுக்கு முன்னால கிடக்கும். ஃபிளாட்டில அப்பிடி இல்லை. நீங்கள் பாக்கிற டைல்சும் பெயின்டும் பலகணிக் காத்தும் நீங்கள் வாங்கிற சாமான் இல்லை, நீங்கள் வாங்கிறது ஒரு பிளானில நம்பர் போட்டுக் கீறின ஒரு பெட்டியும், முழுக் கட்டடத்துக்குக் கீழ இருக்கிற காணியில, படிக்கட்டில, மொட்டை மாடியில, தண்ணித் தொட்டியில ஒரு பங்கும். அந்தப் பெட்டி பேப்பரில சரியா இருந்தாத்தான் நீங்கள் நிக்கிற அறை உங்கட அறை. அதால ஃபிளாட் பாக்கிறதெண்டா அரைவாசி நாள் வீட்டைப் பாருங்கோ, பத்து நாள் பேப்பரைப் பாருங்கோ.

அதுக்கும் முதல், உண்மையா உங்களுக்கு வேணுமோ எண்டு வீட்டில இருந்து ஒருக்கா கணக்குப் பாருங்கோ. பிள்ளை கம்பஸுக்கு வந்திருக்கு, அம்மாவை மாசாமாசம் மகரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவேணும், வெளிநாட்டில இருந்து சொந்தங்கள் வந்து போகினம், ஒவ்வொரு முறையும் லொட்ஜுக்குக் காசு போகுது எண்டா சரி, யோசிக்கலாம். வருசத்தில ஏழெட்டுத் தரம் வந்து போறதுக்கு மட்டும் எண்டா வாங்காதேங்கோ. பூட்டிக் கிடக்கிற ஃபிளாட்டுக்கும் மாசம் மாசம் மெயின்டனன்ஸ் கட்டத்தான் வேணும், கடல் காத்துக்கு யன்னல் பிணைச்சல் எல்லாம் துருப்பிடிச்சுப் போகும். பிள்ளை மூண்டு நாலு வருசம் படிக்கிறதுக்கு மட்டும் எண்டா ஒரு அனெக்ஸ் வாடகைக்கு எடுத்துக் குடுத்தாலே காணும்.

சரி, வேணும் எண்டு முடிவெடுத்திட்டீங்கள் எண்டு வைப்பம்.

கேக்கவேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "இது கொண்டோமினியமாப் பதிஞ்ச கட்டடமோ? கொண்டோமினியம் பிளானையும் சீ.ஓ.சீ எண்ட சேர்டிபிகேட்டையும் காட்டுங்கோ" இதுதான் முதல் கேள்வி. இலங்கையில மாடிவீடுகளைத் தனித்தனி உறுதியில விக்கிறது 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்படிதான், பிறகு 1982லயும் 2003லயும் அதைத் திருத்தி இருக்கினம். அந்தச் சட்டப்படி லைசன்ஸ் உள்ள சேர்வேயர் ஒராள் முழுக் கட்டடத்துக்கும் பிளான் கீறி, ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் போட்டு, எது ஆற்றை வீடு, எது எல்லாருக்கும் பொது எண்டு பிரிச்சு, அது காணிப் பதிவகத்தில பதியப்பட்டிருக்க வேணும். அப்பிடிப் பதிஞ்சாத்தான் உங்கட வீட்டுக்கு எண்டு தனிப் பக்கம் ஒண்டு பதிவேட்டில திறக்கும். பதியாத கட்டடத்தில வீடு வாங்கினா உங்களுக்குக் கிடைக்கிறது காணியில பிரிக்காத பங்கோ, இல்லாட்டி நீண்டகாலக் குத்தகையோ, இல்லாட்டி ஒரு அக்ரிமென்ட் பேப்பரோதான். இருக்கலாம், குடியிருக்க ஒருத்தரும் தடுக்காயினம், ஆனா பாங்க் லோன் குடுக்காது, நாளைக்கு விக்கப் போனா வாங்கிறவன் விலையைக் குத்தி இறக்குவான், பங்காளிக்குள்ள பிரச்சினை வந்தா முழுக் காணியும் கோட்டுக்குப் போகும். "பதிவு நடந்துகொண்டிருக்கு, ஆறு மாசத்தில வந்திடும்" எண்டு சொல்லுவினம். வந்த பிறகு வாறம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வாங்கோ.

சீ.ஓ.சீ எண்டிறது கட்டடம் அனுமதி குடுத்த பிளானின்படியே கட்டி முடிஞ்சிருக்கு எண்டு குடுக்கிற சேர்டிபிகேட். இதிலதான் நாங்கள் மாட்டுப்பட்டது. 2018ல ஒரு கட்டடம், பேர் சொல்ல விரும்பேல்ல, கடல் பக்க ஒழுங்கை ஒண்டுக்குள்ள. வீடு அப்பிடி ஒரு வடிவு, ஹோலில நிண்டா கடல் தெரியுது, மகள் யன்னலை விட்டு வரமாட்டன் எண்டு நிண்டிட்டாள். கட்டினவர் சீ.ஓ.சீ கொப்பி ஒண்டு காட்டினார், சீல், கையெழுத்து எல்லாம் இருந்துது, நாங்களும் கண்டவுடன சரி எண்டு அஞ்சு லட்சம் அட்வான்ஸ் குடுத்திட்டம், அதுவும் ஒரு சாதாரண ரிசீட்டுக்கு. பிறகுதான் மச்சான் சொல்லி அவருக்குத் தெரிஞ்ச லோயர் அம்மாவிட்ட பேப்பரைக் கொண்டு போனனாங்கள். அவா சீ.ஓ.சீயோட அனுமதிப் பிளானையும் எடுப்பிச்சு மேசையில விரிச்சு வச்சு, பேனைப் பின்பக்கத்தால ஒவ்வொரு மாடியாத் தொட்டுத் தொட்டு எண்ணினா. "கிரவுண்ட், ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. உங்கட வீடு எத்தினையாம் மாடி?" எண்டு கேட்டா. எங்கடது அஞ்சாம் மாடி. பிளானில அஞ்சாம் மாடி எண்டு ஒண்டே இல்லை. எனக்குக் கையெல்லாம் குளிர்ந்து போச்சுது. அந்த அஞ்சு லட்சத்தைத் திருப்பி எடுக்க ஏழு மாசம், கொழும்புக்குப் போய் வந்த பஸ் காசே எவ்வளவு எண்டு கணக்கில்லை.

அதுக்கு முதல் வருசம்தான், 2017 மே மாசம், அதே வெள்ளவத்தையில சவோய் தியேட்டருக்குப் பக்கத்தில ஒரு அஞ்சு மாடிக் கட்டடம் அப்பிடியே இடிஞ்சு விழுந்தது. ரீவீயில பாத்து "ஐயோ" எண்டுபோட்டு விட்டனாங்கள், எங்கட விசயம் எண்டு வரேக்க அது ஞாபகத்துக்கே வரேல்ல. அதால சொல்லுறன், சேர்டிபிகேட் இருக்கோ எண்டு மட்டும் பாக்காதேங்கோ, அதில எத்தினை மாடி, எத்தினை வீடு எண்டு வாசியுங்கோ, பிறகு ரோட்டில போய் நிண்டு மேல பாத்துக் கட்டடத்தில எத்தினை மாடி எண்டு எண்ணுங்கோ. ரெண்டும் ஒண்டா இருக்கவேணும். மொட்டை மாடியில பிறகு எழுப்பின ஒரு அறை எண்டாலும் கேள்வி கேளுங்கோ.

ரிசீட்டுக்குக் காசு குடுத்த பிழையையும் சொல்லவேணும். எங்கட நாட்டில 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, 7ஆம் இலக்கம், இண்டைக்கும் அதுதான் நடைமுறை. அதின்படி காணி வீடு விக்கிறது, விக்கிறன் எண்டு வாக்குக் குடுக்கிறது எல்லாம் நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால எழுதினாத்தான் செல்லும். வெறும் பேப்பரில, முத்திரை ஒட்டி எண்டாலும் சரி, ரெண்டு பேர் கையெழுத்து வச்சுக் குடுத்த அட்வான்ஸை வச்சுக்கொண்டு "எனக்கு வீட்டைத் தா" எண்டு கோட்டில கேக்கேலாது. அட்வான்ஸ் குடுக்கத்தான் வேணும் எண்டா நொத்தாரிசு மூலம் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதைப் பதிஞ்சு, பேப்பர் பிழைச்சா காசு இத்தினை நாளுக்குள்ள திருப்பித் தரவேணும் எண்டும் போட்டுக் குடுங்கோ.

லோயரை நீங்களே பிடியுங்கோ. விக்கிறவர் "எங்கட லோயர் இருக்கிறார், எல்லாம் அவர் பாப்பார், உங்களுக்குச் செலவு மிச்சம்" எண்டு சொல்லுவார், வேண்டாம். விக்கிறவற்றை லோயர் கூடாத மனுசன் எண்டு சொல்லேல்ல, அவர் விக்கிறவருக்காக வேலை செய்யிறவர், அவ்வளவுதான். உங்கட லோயர் காணிப் பதிவகத்தில இருந்து ஒரு முப்பது வருசத்துக்கான பதிவேட்டுப் பிரதிகளை எடுத்து, அந்தக் காணி ஆரிட்ட இருந்து ஆருக்கு வந்தது, இடையில ஈடு வச்சதோ, வழக்குப் பதிஞ்சதோ எண்டு பாக்கவேணும். புதுக் கட்டடம் எண்டா இன்னொண்டு, கட்டினவர் முழுக் காணியையும் பாங்கில ஈடு வச்சுத்தான் கட்டடம் எழுப்பி இருப்பார், அது வழமை, அதில பிழை இல்லை, ஆனா உங்கட வீட்டை அந்த ஈட்டில இருந்து விடுவிச்ச பத்திரம் உங்கட கையில வராமல் கடைசித் தவணைக் காசைக் குடுக்காதேங்கோ. பேப்பர் எல்லாம் இங்கிலீசிலயும் சிங்களத்திலயும் இருக்கும், வெக்கப்படாமல் ஒவ்வொரு பக்கமா என்ன எழுதியிருக்கு எண்டு தமிழில சொல்லச் சொல்லிக் கேளுங்கோ, காசு குடுக்கிறது நீங்கள்.

எங்கட ஆக்களுக்குள்ள வாற இன்னொரு சிக்கல் அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்காக வேற ஒராள் கையெழுத்து வைக்க எழுதிக் குடுக்கிற பத்திரம். வெள்ளவத்தையில பழைய ஃபிளாட் விக்கிற ஆக்களில கனபேர் லண்டன், கனடா. இங்க தம்பியோ மருமகனோ அற்றோணியை வச்சுக்கொண்டு கையெழுத்து வைப்பினம். அந்த அற்றோணி இங்க பதியப்பட்டதோ, விக்கிறதுக்கு அதிகாரம் குடுத்து எழுதினதோ இல்லாட்டி வாடகைக்கு விடுறதுக்கு மட்டுமோ, பிறகு ரத்துச் செய்தவையோ எண்டு பாக்கவேணும். அதைவிட முக்கியம், எழுதிக் குடுத்தவர் இப்பவும் உயிரோட இருக்கிறாரோ? அவர் செத்தா அற்றோணியும் அதோட முடிஞ்சுது. நாங்கள் 2021ல வாங்கேக்க ரொறொன்ரோவில இருந்த அந்த அம்மாவோட வீடியோ கோலில கதைச்சுப்போட்டுத்தான் மற்ற வேலைக்குப் போனனாங்கள், அவாவும் அதைப் பிழையா எடுக்கேல்ல, "நல்லது பிள்ளை, இப்பிடித்தான் பாக்கவேணும்" எண்டு சொன்னா.

விக்கிறவா ஒரு பொம்பிளை, அவா தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழாக்களின்ர வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவா எண்டா புருசன்ர எழுத்துமூலச் சம்மதமும் வேணும். காணி கொழும்பில தானே, தேசவழமை யாழ்ப்பாணத்துக் காணிக்குத்தானே எண்டு சிலபேர் சொல்லுவினம். அப்பிடி இல்லை, 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலயே ஆதனம் எங்க இருந்தாலும் எண்டு போட்டிருக்கு. இது வாங்கிற உங்களுக்கும் பொருந்தும். கலியாணத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் உழைச்ச காசில வாங்கினா அது தேடியதேட்டம், ஆற்றை பேரில உறுதி எழுதினாலும் மற்றாளுக்கும் பங்கு இருக்கு. எங்கட பக்கத்தில எல்லாருக்கும் இது ஒரே மாதிரி இல்லை, 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறின குடும்பங்கள் கனக்க, அவையும் கலந்து கலியாணம் கட்டினவையும் தங்களுக்கு எந்தச் சட்டம் எண்டு லோயரிட்டக் கேட்டுப்போட்டு எழுதுங்கோ. மகளுக்குச் சீதனமாக் குடுக்கப்போறம் எண்டு நினைச்சு வாங்கிறதெண்டாலும் அதை முதலே சொல்லுங்கோ, எழுதிற விதம் மாறும்.

இனிக் காசு. இதில வன்னி ஆக்களுக்கு மற்ற இடத்து ஆக்களுக்கு இல்லாத தலையிடி ஒண்டு இருக்கு. எங்களிட்ட இருக்கிற காணி பெரும்பாலும் பெர்மிட் காணி, 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ அரசாங்கம் குடுத்தது. ரெண்டு ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வளவும் இருக்கு, அதை ஈடு வச்சு கொழும்பில வாங்குவம் எண்டு போனா பாங்க் லேசில எடுக்காது, பிரதேச செயலகத்தின்ர அனுமதி இல்லாமல் விக்கவும் ஏலாது. அதால "காணி இருக்குத்தானே" எண்ட நம்பிக்கையில அட்வான்ஸ் குடுக்காதேங்கோ, முதல் பாங்குக்குப் போய் உங்கட சம்பளத்துக்கோ வியாபாரக் கணக்குக்கோ எவ்வளவு லோன் தருவினம் எண்டு எழுத்தில வாங்கிக்கொண்டு வாங்கோ. வாங்கப்போற ஃபிளாட்டையே ஈடா எடுத்துத்தான் லோன் தருவினம், அதுக்குத்தான் கொண்டோமினியம் பதிவு வேணும் எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறன்.

லோன் எடுக்கேக்க வட்டி மாறுற வட்டியோ நிக்கிற வட்டியோ எண்டு கேளுங்கோ. நாங்கள் 2021ல 60 லட்சம், 15 வருசத்துக்கு, அப்ப வட்டி 9 வீதம் மட்டில, மாசம் 61 ஆயிரம் கட்டினது. மனசுக்கு நல்ல சந்தோசம். 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே தரத்தில 7 வீதம் ஏத்திச்சு, எங்கட லோன் மாறுற வட்டி, கொஞ்சம் கொஞ்சமா ஏறி மாசக் கட்டுக்காசு ஒரு லட்சத்தையும் தாண்டிப் போட்டுது. என்ர தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகை எல்லாம் அந்த வருசம் அடைவுக்குப் போனது. பிறகு வட்டி இறங்கினது, நகையும் மீட்டாச்சு, ஆனா அந்த ஒரு வருசம் இரவில நித்திரை இல்லை. அதால நீங்கள் கணக்குப் பாக்கேக்க இண்டைய வட்டிக்குப் பாக்காமல், கட்டுக்காசு அரைவாசியால கூடினாலும் சாப்பாட்டுக்கும் பிள்ளையின்ர படிப்புக்கும் மிஞ்சுமோ எண்டு பாருங்கோ.

வீட்டு விலைக்கு மேல வாற செலவையும் முதலே எடுத்து வையுங்கோ. முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடி ரூபா வீடெண்டா அது மட்டுமே 11 லட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிசுக் காசு, லோயரின்ர தேடுகூலி, பாங்கின்ர மதிப்பீட்டுக் காசு எல்லாம் அதுக்கு மேல. புது வீடெண்டா சொன்ன விலைக்குள்ள வாற் (VAT) வரி அடக்கமோ எண்டும் எழுத்தில கேளுங்கோ.

வெளிநாட்டுச் சொந்தங்கள் காசு போடுறதெண்டா, அண்ணா கனடாப் பிரஜை ஆகிட்டார், ஆனா அவற்ற பேரிலயும் எழுதுவம் எண்டா அவசரப்படாதேங்கோ. 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகளுக்கு இங்க காணி எழுதிறதைத் தடுக்குது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவைக்கு அந்தத் தடை இல்லை, கொண்டோமினியம் வீட்டுக்கும் விதிவிலக்கு இருக்கு, ஆனா காசு வெளியில இருந்து பாங்க் மூலம் வந்ததுக்குச் சாட்சி வேணும். பாங்க் இல்லாமல் ஆக்கள் மூலம் கைமாத்தி உண்டியலால வந்த காசுக்கு அந்தச் சாட்சி எங்க இருந்து எடுக்கிறது? பாங்கால அனுப்பச் சொல்லுங்கோ, சிலிப்பைக் கவனமா வையுங்கோ. அண்ணன் தம்பிக்குள்ளயும் ஆர் எவ்வளவு போட்டது எண்டு ஒரு பேப்பரில எழுதி வையுங்கோ, பாசம் இருக்கேக்க எழுதிறது லேசு.

இப்ப வீட்டைப் பாக்கிற கதை. ஒரு தரம் போய்ப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. புரோக்கர் காலமை பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போவார், அந்த நேரம் எல்லா வீடும் வெளிச்சமா, சத்தம் இல்லாமல்தான் இருக்கும். பின்னேரம் ஆறு மணிக்குப் போங்கோ, காலி வீதி டிராஃபிக்கில கார் ஒழுங்கைக்குள்ள திரும்ப எவ்வளவு நேரம் செல்லுது எண்டு பாருங்கோ, லிஃப்டில ஏற எத்தினை பேர் நிக்கினம் எண்டு பாருங்கோ. கடும் மழை பெய்யிற நாள் ஒண்டு போங்கோ, யன்னலுக்குக் கீழ சுவரில உள்ளங்கையை வச்சுப் பாருங்கோ, ஈரம் கையில தெரியும், புதுப் பெயின்ட் கண்ணை ஏமாத்தும் கையை ஏமாத்தாது. பாத்ரூமுக்குள்ள போய் நிண்டு மேல கூரையைப் பாருங்கோ, மேல் வீட்டுக் குழாய் ஒழுகினா அங்கதான் மஞ்சள் படை பிடிக்கும். எல்லாப் பைப்பையும் ஒரே நேரத்தில திறந்து விடுங்கோ. வாளியும் கொண்டு போகலாம், நான் கொண்டு போனனான், ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் எண்டு மணிக்கூட்டைப் பாத்தனான். கிணத்தடியில வளந்த எங்களுக்குத் தண்ணி குறைஞ்சா பைத்தியம் பிடிக்கும்.

சதுர அடியை நம்பாதேங்கோ, அளவுங்கோ. எங்களுக்குப் புரோக்கர் 1,100 சதுர அடி எண்டார். கொண்டோமினியம் பிளானில 88 சதுர மீற்றர் எண்டு இருந்துது, ஒரு சதுர மீற்றர் 10.76 சதுர அடி, பெருக்கிப் பாத்தா 950 கூட வராது. மிச்சம் நடைபாதையிலயும் படிக்கட்டிலயும் எங்கட பங்கைக் கூட்டிச் சொன்னதாம். பிளானில என்ன இருக்கோ அதுக்குத்தான் விலை பேசவேணும், அந்த ஒரு கணக்கில எங்களுக்கு விலை நல்லா இறங்கினது. ஊரில பேர்ச் கணக்கில யோசிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், ஒரு பேர்ச் 272 சதுர அடி, அப்ப எங்கட முழு வீடும் மூண்டரைப் பேர்ச். அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச் வளவில ஓடித் திரிஞ்ச அம்மாவும் அப்பாவும் இதுக்குள்ள வந்து இருப்பினமோ எண்டு அவையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பின்னேரம் இருத்திப் பாருங்கோ. மாமி வந்து நிண்ட முதல் கிழமை முழுக்க, "மண்ணில கால் வைக்காமல் எப்பிடிப் பிள்ளை இருக்கிறது" எண்டு விடியக் காலமை எழும்பி கீழ கேற்றடியில போய் நிப்பா. இப்ப பலகணியில ரெண்டு சாடி கறிவேப்பிலையும் துளசியும் வச்சிருக்கிறா.

பார்க்கிங் இருக்கு எண்டு சொன்னா பிளானில உங்கட வீட்டு நம்பரோட சேத்துப் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ, வாயால சொன்ன பார்க்கிங் அடுத்த வீட்டுக்காரனுக்கும் வாயால சொல்லப்பட்டிருக்கும். உங்கட வாகனத்தையே கொண்டு போய் விட்டு எடுத்துப் பாருங்கோ. பக்கத்துக் காணி வெறுமையா இருந்தா அல்லது பழைய ஒத்தை வீடா இருந்தா, நாளைக்கு அங்கயும் பத்து மாடி எழும்பும், உங்கட யன்னலுக்கு முன்னால சுவர் வரும் எண்டு நினைச்சுத்தான் விலை பேசவேணும், கடல் தெரியுது எண்டு கூடுதலாக் குடுக்காதேங்கோ. தரை மாடி எண்டா வெள்ளம் வாற ஒழுங்கையோ எண்டு சந்திக் கடைக்காரரைக் கேளுங்கோ.

ஆரும் வாய்விட்டுக் கேக்காத ஒரு விசயம், ஆனா எங்கட ஆக்கள் கட்டாயம் கேக்கவேணும், அந்தக் கட்டடத்தில ஒரு செத்தவீடு நடந்தா என்ன செய்யிறது? சவத்தை வீட்டை கொண்டுவர விடுவினமோ, லிஃப்டில பெட்டி போகுமோ, பறை மேளம் எல்லாம் எங்க? கனக்க இடத்தில விடமாட்டினம், ஃபியூனரல் பார்லரில வச்சுத்தான் எடுக்கிறது. வயது போன தாய் தேப்பனோட போய் இருக்கப்போறீங்கள் எண்டா குடும்பத்துக்குள்ள இதை முதலே கதைச்சு வையுங்கோ. மாமா "என்னை ஊருக்குக் கொண்டு போயிடுங்கோ" எண்டு தெளிவாச் சொல்லிப்போட்டார், அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதே மாதிரி மொட்டை மாடி பொதுச் சொத்து, மிளகாய் காயப்போடலாமோ, உடுப்புக் காயப்போடலாமோ, பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக்குப் பந்தல் போடலாமோ எண்டு கட்டடத்து விதிமுறையைக் கேட்டு வாங்கி வாசியுங்கோ.

அந்த விதிமுறையும் மெயின்டனன்ஸும் ஆற்றை கையில இருக்கு எண்டிறது அடுத்த பெரிய விசயம். பதிஞ்ச கொண்டோமினியத்தில வீட்டுக்காரர் எல்லாரும் சேந்த மனேஜ்மென்ட் கோப்பரேஷன் ஒண்டு சட்டப்படி இருக்கவேணும், லிஃப்ட், பம்ப், செக்கியூரிட்டி, பொது லைட், பெயின்ட் எல்லாம் அவையின்ர பொறுப்பு. மாசம் எவ்வளவு எண்டு மட்டும் கேட்டிட்டு வராதேங்கோ, பெரிய பழுதுகளுக்கு எண்டு சேத்து வைக்கிற சேர்ப்பு நிதியில இப்ப எவ்வளவு காசு கிடக்கு எண்டு கேளுங்கோ. பதினைஞ்சு வருசக் கட்டடம், நிதியில காசு இல்லை எண்டா லிஃப்ட் பழுதாகிற அண்டைக்கு எல்லா வீட்டுக்கும் லட்சக்கணக்கில பிரிச்சுக் கட்டச் சொல்லுவினம். போன வருசக் கூட்டக் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கோ, ஆர் காசு கட்டேல்ல, ஆருக்கும் ஆருக்கும் சண்டை, எந்தப் பைப் ஒழுகுது எல்லாம் அதில இருக்கும். முந்தின சொந்தக்காரர் வச்சிட்டுப் போற மெயின்டனன்ஸ் பாக்கி, கரண்ட் பில், தண்ணி பில், மாநகரசபைச் சோலைவரி எல்லாம் தீத்த ரிசீட் கையில வரவேணும். கோப்பரேஷனோட தீராத பிரச்சினை வந்தா கொண்டோமினியம் மனேஜ்மென்ட் ஒத்தோரிட்டி எண்டு அரச நிறுவனம் இருக்கு, அங்க முறைப்பாடு குடுக்கலாம்.

ஜெனரேட்டர் இருக்கோ, அது லிஃப்டுக்கும் தண்ணிப் பம்புக்கும் வேலை செய்யுமோ எண்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், ஜெனரேட்டர் இருந்த கட்டடத்திலயும் டீசல் இல்லை. மாமாவை நாங்கள் கதிரையில இருத்தி ரெண்டு பக்கமும் பிடிச்சு நாலு மாடி தூக்கி ஏத்தினம். வயது போனாக்கள் இருக்கினம் எண்டா மூண்டாம் மாடிக்கு மேல போகாதேங்கோ, காத்து எவ்வளவு நல்லா இருந்தாலும்.

படத்தைக் காட்டி விக்கிற, இன்னும் கட்டாத வீடுகள் விலை குறைவாத்தான் இருக்கும். தற்காலிகப் பதிவு எண்டு சட்டத்தில ஒரு முறையும் இருக்கு. ஆனா முதல் வீட்டுக்கு, அதுவும் 300 கிலோமீற்றருக்கு அங்கால இருந்துகொண்டு, வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். 2022ல சாமான் விலை ஏறி எத்தினை கட்டடம் கம்பி நீட்டிக்கொண்டு அப்பிடியே நிண்டது, காசு குடுத்த ஆக்கள் வாடகையும் கட்டி லோனும் கட்டிக்கொண்டு நிண்டவை. ஆக்கள் குடியிருந்து ஒரு அஞ்சு ஆறு வருசம் போன கட்டடம் பாருங்கோ, அதின்ர குறை எல்லாம் அதுக்குள்ள வெளியில வந்திருக்கும், செக்கியூரிட்டி ஐயாவோட ஒரு பிளேன்டீ குடிச்சுக் கதைச்சாலே அரைவாசி தெரிஞ்சிடும்.

உறுதி எழுதின அண்டைக்குத் திறப்பைக் கையில வாங்கினவுடன வேலை முடிஞ்சுது எண்டு யாழ்தேவி ஏறிடாதேங்கோ. பூட்டை மாத்துங்கோ, கரண்ட் மீட்டரையும் தண்ணி மீட்டரையும் படம் எடுங்கோ, உறுதி பதிவுக்குக் குடுத்தாச்சோ எண்டு நொத்தாரிசிட்டக் கேட்டு அந்தத் துண்டின்ர நம்பரை எழுதி வையுங்கோ. எங்கட சட்டத்தில பிறகு எழுதின உறுதி முதல் பதிஞ்சா முந்தி எழுதின உங்கட பதியாத உறுதி தோக்கலாம், அதால நாள் கடத்த விடாதேங்கோ. ஒரு மாசம் கழிச்சு உங்கட செலவில பதிவேட்டுப் பிரதி ஒண்டு எடுப்பிச்சு, வீட்டு நம்பருக்கு நேர உங்கட பேர் சரியான எழுத்தில விழுந்திருக்கோ, அடையாள அட்டையில இருக்கிற அதே எழுத்தோ எண்டு பாருங்கோ. சோலைவரிப் புத்தகத்திலயும் கோப்பரேஷன் புத்தகத்திலயும் பேரை மாத்துங்கோ.

பிறகு அந்த உறுதியில நாலு கொப்பி அடியுங்கோ. 2009ல நாங்கள் வட்டக்கச்சியில இருந்து வெளிக்கிடேக்க உறுதி எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள வச்சுக் கொண்டு போனனாங்கள், மாத்தளன் தாண்டேக்க அந்த ரின் எங்களிட்ட இல்லை, பிறகு பதிவகத்துக்கும் செயலகத்துக்கும் அலைஞ்சு ஒவ்வொரு பிரதியா எடுக்க மூண்டு வருசம். இப்ப ஃபிளாட் உறுதியின்ர ஒறிஜினல் பாங்கில, ஒரு கொப்பி லோயரிட்ட, ஒண்டு பரந்தன் வீட்டு அலுமாரியில, ஒண்டு ஸ்கேன் பண்ணி மகளின்ர ஈமெயிலில, இன்னொண்டு லண்டனில இருக்கிற தங்கச்சியிட்ட.